முதல் தோல்வியை மறக்காத சிப்பாய்: பியர் பெலெக்

பாஸ்டில் சிறையில் அர்னோ டோரியன் கண் விழிக்கும்போது அவனுடைய அப்பாவின் கடிகாரம் வேறொரு கைதியின் கையில் இருக்கிறது. ஐம்பதைத் தொடும் வயது, முரட்டு முகம், ஒரு வார்த்தைகூட இதமாக வராத வாய். கடிகாரம் வேண்டுமா, முடிந்தால் வாங்கிக்கொள் என்கிற தோரணை. சண்டை நடக்கிறது, அர்னோ அடி வாங்குகிறான். சுவரில் அந்தக் கிழவர் வரைந்து வைத்திருக்கும் குறிகள் அர்னோவின் கண்ணுக்குத் தெரிகின்றன என்பது தெரிந்த பிறகுதான் அவர் குரல் கொஞ்சம் மாறுகிறது. மற்றவர்கள் கண்ணுக்குப் படாத குறிகள் அவை. அப்போதும் அவர் அவனை அழைக்கும் பெயர் மாறவில்லை. கதை முழுக்க அர்னோ அவருக்கு 'மூத்திரச்சட்டி'தான்.

பியர் பெலெக் நமக்கு அறிமுகமாவது இப்படி. 2014 நவம்பரில் வெளிவந்த 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' வீடியோ விளையாட்டில் நாயகன் அர்னோ; அதில், பிரெஞ்சுப் புரட்சிக் காலப் பாரிஸில் இயங்கும் ரகசியச் சகோதரத்துவத்தின் மூத்த கொலையாளி அவர். விளையாடி முடித்தவர்களில் பலருக்கு அவர் திட்டும் கிழவராகவும், பிற்பாடு துரோகியாகவும்தான் நினைவில் நிற்கிறார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவருடைய முரட்டுத்தனத்துக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறது, ஒரு நாடு பறிபோன கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அவர் செய்த கொலைக்குக்கூட வேறு அர்த்தம் கிடைக்கிறது. இன்னும் விளையாடாதவர்கள் கவனிக்கவும், கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாவற்றையும் இங்கே பேசப்போகிறேன்.

சகோதரத்துவம் கற்பனை. 'அசாசின்' என்ற பெயருக்கு மட்டும் வரலாற்று வேர் உண்டு. 1090-இல் பாரசீகத்தின் அலமுத் கோட்டையைப் பிடித்த ஹசன்-இ-சபாவின் நிசாரி இஸ்மாயிலிகளிடமிருந்து எடுத்த பெயர் அது. அந்தக் கோட்டை 1256-இல் மங்கோலியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்து 18-ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் வரைக்கும் ஒரே சங்கிலியாக ஓடிவந்தது என்பது விளையாட்டு கட்டிய கதை. எதிர்த்தரப்பாக, சிலுவைப்போர்க் காலக் கிறித்துவ வீரர் சபையின் பெயரைத் தாங்கிய டெம்ப்ளர்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், மேலே போகலாம்.

பெலெக் பிரான்ஸில் பிறந்தவர் இல்லை. 'புதிய பிரான்ஸ்' என்று அழைக்கப்பட்ட, இன்றைய கனடாவின் கிழக்குப் பகுதியில் பிறந்தவர். பிரான்ஸும் பிரிட்டனும் 1756 முதல் 1763 வரை மோதிய ஏழாண்டுப் போரில் சண்டையிட்டவர். விளையாட்டு இதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஆனால் அவரைத் திறக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது.

அந்தப் போர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். 1750-களில் புதிய பிரான்ஸின் குடியேறிகள் எழுபதாயிரத்துக்கும் குறைவு. எதிரே இருந்த ஆங்கிலேயக் குடியேற்றங்களில் 15 லட்சம் பேர். பதினாறு வயதிலிருந்து அறுபது வரை உடல்வலு உள்ள ஒவ்வோர் ஆணும் குடிப்படையில் சேர்ந்தாக வேண்டும். அவர்களுக்குத் தெரிந்த போர்முறையும் வேறு. காட்டுக்குள் சத்தமில்லாமல் நகர்வது, மறைந்திருந்து தாக்குவது, அடித்துவிட்டுக் காணாமல் போவது. பக்கத்தில் நின்று போரிட்ட பூர்வகுடி நேச நாட்டவரிடம் தலைமுறை தலைமுறையாகக் கற்றது. 'சின்னப் போர்' என்றே அதற்குப் பெயர். மறைத்துவைத்த கத்தியோடு கூட்டத்தில் கலந்து நடக்கும் ஒரு கொலையாளிக்கு இதைவிடப் பொருத்தமான பள்ளிக்கூடம் கிடையாது.

பிரான்ஸிலிருந்து வந்த தளபதி மோன்காமுக்கு இந்தப் போர்முறை பிடிக்கவில்லை. ஐரோப்பியப் பாணியில், சமவெளியில், அணிவகுத்து நிற்பதுதான் அவருக்குப் போர். கியூபெக்கிலேயே பிறந்த ஆளுநர் வோத்ரேய் அதற்கு நேர் எதிர். இருவரும் ஒருவரையொருவர் குறைசொல்லிப் பிரான்ஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1759 செப்டம்பர் 13 காலையில் ஆபிரகாம் சமவெளியில் மோன்காம் தன் பாணியிலேயே படையை நிறுத்தினார். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அவரும் இறந்தார், எதிர்த்தளபதி உல்ஃபும் இறந்தார், கியூபெக் போனது. உள்ளூர்க்காரன் சொன்னதைக் கேட்காமல் தலைநகரத்துக் கனவான்கள் எடுத்த முடிவால் மண் பறிபோனது என்ற எண்ணம் அங்கே பிறந்தவர்கள் பலர் மனத்தில் தங்கிவிட்டது. பெலெக்கின் எல்லா வசவுகளுக்கும் அடியில் எனக்குக் கேட்பது இந்தக் குரல்தான்.

அடுத்த ஆண்டு, 1760 செப்டம்பரில், மொன்றியாலும் சரணடைய வேண்டி வந்தது. தோற்ற படைக்கு வழக்கமாகக் கொடுக்கிற மரியாதையை ஆங்கிலத் தளபதி ஆம்ஹர்ஸ்ட் மறுத்துவிட்டார். மோன்காமுக்குப் பின் பொறுப்பேற்ற லெவி, கொடிகளை எதிரியிடம் ஒப்படைக்க மனமில்லாமல், அவற்றை எரித்துவிட உத்தரவிட்டார். இருபது வயதுக்காரன் ஒருவன் அந்தத் தீயருகே நின்றிருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெஜிமெண்டின் பட்டுத்துணி கருகி மடங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பெலெக் அங்கே நின்றதாக விளையாட்டு சொல்லவில்லை, நானாகத்தான் நிறுத்திப் பார்க்கிறேன். ஆனால் அந்தத் தலைமுறைச் சிப்பாய் ஒவ்வொருவனுக்கும் அந்தத் தீ தெரியும்.

அப்புறம் வந்தது அதைவிடக் கசப்பானது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ், சர்க்கரை விளையும் கரீபியத் தீவுகளான குவாதலூப்பையும் மார்த்தினிக்கையும் திரும்பப் பெற்றுக்கொண்டு கனடாவை விட்டுக்கொடுத்தது. கூடவே, கனடாவில் நடந்த ஊழலுக்கும் தோல்விக்கும் பொறுப்பு யார் என்று ஒரு பெரிய வழக்கு. அதில் கனடாவின் நிர்வாகி பிகோவைப் பிடித்து எங்கே அடைத்தார்கள் தெரியுமா? பாஸ்டில். ஆளுநர் வோத்ரேயும் கொஞ்ச காலம் அங்கே இருந்துதான் பிறகு விடுவிக்கப்பட்டார். கனடாக்காரர் ஒருவரைப் பாஸ்டில் அறையில் உட்காரவைத்தது கதாசிரியர்கள் யோசித்துச் செய்ததா, தற்செயலா, எனக்குத் தெரியாது. வரலாறு தெரிந்தவருக்கு அந்த அறையின் இருட்டு இன்னும் கொஞ்சம் கூடுகிறது.

இது நிஜத் தோல்வி. விளையாட்டுத் தொடர் இதே காலத்தில் இன்னொரு தோல்வியையும் அவர் தலையில் வைக்கிறது. ஏழாண்டுப் போர் நடந்த அதே ஆண்டுகளில், அமெரிக்கக் குடியேற்றங்களில் இருந்த கொலையாளிகளின் கிளை அநேகமாக முற்றாக அழிக்கப்படுகிறது. அழித்தது வெளியிலிருந்து வந்த எதிரி கிடையாது. சகோதரத்துவத்திலிருந்து விலகி டெம்ப்ளர் பக்கம் போன ஷே கார்மாக். அந்த அழிவில் தப்பிய சிலரில் பெலெக் ஒருவர். கடல் கடந்து பிரான்ஸ் வருகிறார். அங்கே சார்ல்ஸ் டோரியன் நண்பராகிறார். 1776-இல் வெர்சாய் அரண்மனையில் அந்தச் சார்ல்ஸையும் அதே ஷே கார்மாக் கொன்றுவிடுகிறான்.

ஆக, ஒரு மனிதர் இரண்டு முறை எல்லாவற்றையும் இழந்திருக்கிறார். ஒரு முறை மேலிடத்துக் கனவான்களின் கையால், ஒரு முறை உள்ளிருந்து பிரிந்துபோனவன் கையால். எதிரியைவிடத் தன் பக்கத்துப் பெரிய மனிதர்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்று அவருக்கு வாழ்க்கை சொல்லிக்கொடுத்திருக்கிறது. அந்தச் சார்ல்ஸின் மகன்தான் சிறையில் எதிரே வந்து விழுந்த 'மூத்திரச்சட்டி'. கடிகாரத்தை அவர் அவ்வளவு நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள், அந்தத் திட்டுகள் வேறு மாதிரி கேட்கும்.

சிறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மக்கள் பாஸ்டிலைத் தாக்கிப் பிடித்த 1789 ஜூலை 14 அன்று அங்கே உண்மையில் இருந்த கைதிகள் ஏழே பேர். நான்கு பேர் போலிப் பத்திரம் தயாரித்தவர்கள், இரண்டு பேர் மனநிலை பாதிக்கப்பட்டவர்கள், ஒருவர் குடும்பத்தாரே அடைத்துவைக்கச் சொன்ன பிரபு. அர்னோவும் பெலெக்கும் அதில் இடைச்செருகல், அது பரவாயில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது கோட்டையைக் காத்து நின்றவர்கள் யார் என்பதுதான். 32 சுவிஸ் வீரர்கள் தவிர, மீதி 82 பேரும் 'இன்வாலிட்' எனப்பட்ட முதிய சிப்பாய்கள். களத்தில் ஓடியாட முடியாமல் ஆனவர்களுக்கு அரசு கொடுத்த காவல் வேலை அது. அவர்களிலும் ஏழாண்டுப் போரைப் பார்த்த வயதுக்காரர்கள் இருந்திருப்பார்கள். அதாவது, சிறைக்கதவின் இரண்டு பக்கமும் பெலெக்குகள்.

அன்று கோட்டைத் தலைவர் த லோனே, உள்ளே இருந்த 250 பீப்பாய் வெடிமருந்துக்கும் தீ வைத்து எல்லோரையும் தூக்கிவிடப் பார்த்தார். துப்பாக்கிமுனைக் கத்தியை நீட்டி அவரைத் தடுத்தவர்கள் இரண்டு முதிய சிப்பாய்கள். அவர்களில் ஒருவரான பெக்காரை, வெளியே வந்ததும், அவர் யாரென்று அறியாத கூட்டம் பிடித்துக் கையை வெட்டியது, பிறகு தூக்கிலும் போட்டது. சுற்றுவட்டாரத்தையே காப்பாற்றிய கை அது.

அதே நாட்களில், முதிய சிப்பாய்கள் தங்கியிருந்த இன்வாலிட் மாளிகையில் நடந்ததும் கேட்க வேண்டியது. அங்கே சுமார் 30,000 துப்பாக்கிகள் இருந்தன. மக்கள் கையில் கிடைத்தாலும் பயன்படாதபடி அவற்றின் பாகங்களைக் கழற்றிவிடச் சொல்லி இருபது முதிய சிப்பாய்களை உட்காரவைத்தார்கள். ஆறு மணி நேரம் ஆயிற்று. கழற்றப்பட்டிருந்தவை மொத்தம் இருபது துப்பாக்கிகள். பாரிஸ் பகுதிப் படைகளுக்குப் பொறுப்பாயிருந்த பெசன்வால் தன் நினைவுக் குறிப்பில் எழுதியது இது. ஆளுக்கு ஒன்று! வாய் திறந்து மறுக்கவில்லை, சண்டை போடவில்லை. கை மட்டும் மெதுவாக வேலை செய்தது. பழைய சிப்பாயின் எதிர்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் எனக்குத் தெரியாது. கொள்கை முழக்கம் எதுவும் அவர்களிடம் கிடையாது, ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதில் குழப்பமும் இல்லை.

பெலெக்கின் பேச்சும் அப்படித்தான். சுதந்திரம், சமத்துவம் என்று அவர் நீட்டி முழக்குவதே இல்லை. சிறையில் அர்னோவுக்கு அவர் கொடுத்தது வாள் பயிற்சி. காலை எங்கே வைப்பது, எதிரியின் வாளை எப்படித் தட்டிவிடுவது, அவ்வளவுதான். கோட்டை விழும் நாளில் மதில் உச்சியிலிருந்து தான் முதலில் குதித்துக் காட்டுகிறார். பின்னால் வா என்று கெஞ்சுவதில்லை. செய்துகாட்டிச் சொல்லிக்கொடுக்கிறவர்களின் பாசம் அப்படித்தான் இருக்கும். பாராட்டு என்று ஒன்று வரவே வராது, ஆனால் நாம் விழுந்தால் முதலில் ஓடிவருகிறவரும் அவராகத்தான் இருப்பார்.

சரி, இப்போது மிராபோ.

விளையாட்டில் பாரிஸ் சகோதரத்துவத்தின் தலைவர் மிராபோ. டெம்ப்ளர்களோடு சமாதானம் பேசிக்கொண்டிருக்கிறார். டெம்ப்ளர் தலைவரின் மகளான எலிஸையும் வரவேற்கத் தயாராக இருக்கிறார். 1791 ஏப்ரலில் அவர் விஷத்தால் இறந்துகிடக்கிறார். சந்தேகம் எலிஸ் மேல் விழுகிறது. அர்னோ துப்புத் துலக்கிக்கொண்டே போகிறான். தடம் போய் முடியும் இடம் பெலெக்.

நிஜத்தில், புரட்சியின் பெரும் பேச்சாளரான மிராபோ 1791 ஏப்ரல் 2 அன்று இறந்தார். அப்போதே விஷம் என்ற வதந்தி பாரிஸ் முழுக்கப் பரவியது, அதற்காகவே பிரேதப் பரிசோதனை செய்தார்கள். இயற்கையான நோய்தான் என்று முடிவானது. மக்கள் கண்ணீர் வடித்தார்கள். சான்த் ஜென்வியேவ் தேவாலயத்தையே நாட்டின் பெரியோர் உறங்கும் 'பாந்தியோன்' ஆக மாற்றி, முதல் ஆளாக அவரை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கதாசிரியர்கள் அந்த விஷ வதந்தியை எடுத்துக்கொண்டு, கொலைகாரன் இடத்தில் பெலெக்கை நிறுத்தினார்கள்.

ஆனால் வரலாற்றில் இதற்கு அடுத்த பக்கம் ஒன்று உண்டு. 1792 நவம்பரில் துய்லரி அரண்மனைச் சுவருக்குள் மறைத்துவைத்த இரும்புப் பெட்டகம் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளே மன்னரின் ரகசியக் கடிதங்கள். மக்களின் குரல் என்று கொண்டாடப்பட்ட மிராபோ, 1790-இலிருந்தே அரண்மனைக்கு ரகசிய ஆலோசகராக இருந்திருக்கிறார். மாதம் 6,000 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) சம்பளம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கடனை மன்னர் ஏற்றுக்கொண்டார். காரியம் கைகூடினால் இன்னும் பத்து லட்சம் தருவதாக வாக்கு. விஷயம் வெளியானதும் புரட்சியாளர்களின் ஜேக்கபின் கழகத்தில் இருந்த அவருடைய மார்பளவுச் சிலையைப் போட்டு உடைத்தார்கள்.

மிராபோவின் தரப்பையும் சொல்ல வேண்டும். மன்னரும் சட்டசபையும் சேர்ந்து ஆளும் அமைப்பு வேண்டும் என்று அவர் மேடையில் சொன்னதும், அரண்மனைக்கு எழுதியதும் பெரும்பாலும் ஒன்றுதான். காசு வாங்கிக்கொண்டு கருத்தை மாற்றியவர் என்று அவரை ஒரே வரியில் முடிக்க முடியாது. ஆனாலும் எதிர்த்தரப்போடு கதவுக்குப் பின்னால் பேசினார், அதைத் தன் ஆட்களிடமிருந்து மறைத்தார், பணமும் பெற்றார். பெலெக்கின் மூக்கு மோப்பம் பிடித்தது சரியாக இதைத்தான். விளையாட்டில் அவர் இதைத் துல்லியமாக அறிந்திருக்கவில்லை, அறியவும் முடியாது. ஆனால் பெரிய மனிதர்களின் சமாதானப் பேச்சு எங்கே போய் முடியும் என்பதை மொன்றியால் வீழ்ச்சியில் ஒருமுறை கண்ட தலைமுறை அவருடையது. அவர் விஷம் கலந்து இருபது மாதம் கழித்து, நிஜ வரலாறு அவர் சந்தேகத்துக்கு ஆதாரத்தை எடுத்துப் போடுகிறது.

இதனால் கொலை நியாயமாகிவிடாது. தன் தலைவனையே விஷம் வைத்துக் கொன்றுவிட்டு, பழி ஒரு பெண்மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர் அவர். அதை நான் மன்னிக்கவில்லை. இன்னும் கொடுமை, உள்ளிருந்து வந்த துரோகத்தால் ஒரு சகோதரத்துவம் அழிந்ததைக் கண்ணால் பார்த்தவர், இன்னொரு சகோதரத்துவத்தை உள்ளிருந்தே வெட்டத் தொடங்குகிறார். அழுகியதை அறுத்துவிட்டு மறுபடி கட்டலாம், நீயும் வா என்று அர்னோவைக் கூப்பிடுகிறார். யாரைப் பார்த்து வாழ்நாள் முழுக்கப் பயந்தாரோ, அந்த ஷே கார்மாக்கின் வேலையைத்தான் இப்போது அவர் செய்துகொண்டிருக்கிறார். அது அவருக்குத் தெரியவே இல்லை.

கடைசிச் சண்டை சான்த் ஷப்பேலில் நடக்கிறது. 1248-இல் அர்ப்பணிக்கப்பட்ட, பதினைந்து பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் கொண்ட சிற்றாலயம். சுவரே கண்ணாடியால் ஆனதுபோல் இருக்கும் இடம். முள்முடி போன்ற புனிதச் சின்னங்களை வைப்பதற்காக ஒன்பதாம் லூயி கட்டியது. அது நிற்கும் சேன் நதித் தீவின் முனையை ஒட்டியிருந்த சிறு தீவில்தான் 1314-இல் டெம்ப்ளர்களின் கடைசித் தலைவர் ஜாக் த மொலே எரிக்கப்பட்டார். அந்த நிற ஒளிக்குள் நின்றுகொண்டு பெலெக் அர்னோவிடம் வாதாடுகிறார். கெஞ்சவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, கடைசிவரை விட்டுக்கொடுக்கவும் இல்லை. தான் வளர்த்த கையாலேயே விழுகிறார்.

இங்கேதான் விளையாட்டின்மேல் எனக்கு வருத்தம். கதை ஏறக்குறைய பாதியில் இருக்கும்போதே பெலெக்கை எடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு சகோதரத்துவத்துக்குள் பேச ஆளில்லை. மூப்பர் குழு வருகிறது, ஆணை இடுகிறது, 1793-இல் அர்னோவை வெளியேற்றுகிறது. அவர்களில் ஒருவர் முகமாவது மனத்தில் நிற்கிறதா? புரட்சி என்ன ஆகிறது என்ற கேள்வியும் அத்தோடு தேய்ந்து, ஒரு பழிவாங்கும் கதையும் ஒரு காதலும் மட்டும் மிஞ்சுகின்றன. வெளியான நாட்களில் பிரெஞ்சு இடதுசாரித் தலைவர் ழான்-லூக் மெலன்ஷோன், மக்களை ரத்தவெறிக் கும்பலாகவும் புரட்சித் தலைவர் ரோபஸ்பியரை அரக்கனாகவும் இந்த விளையாட்டு காட்டுகிறது என்று கோபப்பட்டார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. புரட்சியை உள்ளிருந்து, நம்பிக்கையோடும் ஆத்திரத்தோடும் பேசக்கூடிய ஒரே குரலை அவர்கள் பாதியிலேயே அடக்கிவிட்டார்கள். பெலெக் 1793 வரை உயிரோடு இருந்து, எதிரிகளை வரிசையாகக் கில்லட்டினுக்கு அனுப்பிய பயங்கர ஆட்சியைத் தன் கண்ணால் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தீராத ஆசை. கொடிகளை எரிக்கச் சொன்ன அந்த லெவி 1787-லேயே இறந்துவிட்டார். அவருடைய மனைவியையும் இரண்டு மகள்களையும் 1794-இல் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். அந்தச் செய்தி பெலெக்கின் காதில் விழுந்திருந்தால்?

கற்பனைக்கு வெளியேயும் ரகசியச் சங்கங்களும் பழைய சிப்பாய்களும் இப்படித்தான் பின்னிக் கிடந்தார்கள். 1796-இல் அரசைக் கவிழ்க்கப் பபேஃப் நடத்திய 'சமத்துவர்களின் சதி'க்குப் படைக்குள் ஆள் தேவைப்பட்டது. அதற்காக உள்ளே சேர்த்துக்கொண்ட படைத்தலைவர் கிரிசெல்தான் எல்லோரையும் காட்டிக்கொடுத்தார். அடுத்த ஆண்டு மே மாதம் பபேஃபின் தலை போனது. 1822-இல் கார்பொனாரி என்ற ரகசியச் சங்கத்தில் சேர்ந்திருந்த லா ரோஷெல் சார்ஜன்ட்கள் நான்கு பேர் சாகும்வரை சங்கத்தின் மேலிடத்தார் பெயரைச் சொல்லவில்லை. மேலிடத்தார் தப்பித்தார்கள், நான்கு சிப்பாய்களும் பாரிஸ் நடுச்சதுக்கத்தில் தலை கொடுத்தார்கள். ரகசியத்தின் விலையை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பெலெக்கிடம் கேட்டிருந்தால் ஒரு கெட்டவார்த்தையோடு பதில் வந்திருக்கும்.

மிராபோவின் கதை பாந்தியோனில்கூட முடியவில்லை. 1794 செப்டம்பர் 21 அன்று புரட்சித் தலைவர்களில் ஒருவரான மராவின் உடலை ஊர்வலமாகக் கொண்டுவந்து முன்வாசல் வழியே உள்ளே எடுத்துச் சென்றார்கள். அதே நாளில் மிராபோவின் சவப்பெட்டி பக்கவாசல் வழியே வெளியே போனது. பெலெக் இறந்து மூன்று ஆண்டு கழித்து நடந்த இதை விளையாட்டு எங்கேயும் காட்டுவதில்லை.